பித்தளை ஆணிகளும் சூதாட்டச் சட்டமும்

பழைய பச்சிங்கோ இயந்திரம் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, இது எந்தக் கம்பெனி, எந்த வருடத்துச் சாமான் என்றுதான். கம்பெனியைக் கண்டுபிடிப்பது எளிது. நிஷிஜின், சான்கியோ, ஹெய்வா, கியோராக்கு என்று முகப்புத் தகட்டிலோ ஆட்டப் பலகையிலோ பெயர் இருக்கும். வருடம்தான் பிடி கொடுக்காது. அந்த வருடத்தை நெருங்க வேறொரு கேள்வி உதவும் என்பது என் கருத்து: இந்த இயந்திரம் எந்தச் சட்டத்துக்கு அடங்கி இப்படிச் செய்யப்பட்டது? குண்டு உள்ளே போகும் துளை, மேல்தட்டு, விரியும் இதழ், கைப்பிடி என்று பச்சிங்கோவின் முக்கியமான உறுப்புகள் பலவற்றுக்குப் பின்னால் அரசாங்கம் எதையோ தடுத்த கதையோ விட்டுக்கொடுத்த கதையோ இருக்கிறது. ஆகவே ஓர் இயந்திரத்தை அடையாளம் காண்பதற்குச் சட்ட வரலாற்றைப் படிக்க வேண்டும். வீட்டில் பழுது பார்க்கிறவர் ஓர் ஆவணத்தைக் கையாளும் பொறுப்போடு அதைத் தொட வேண்டும். மலேசியாவின் அம்பாங்கில் ஒரு வீட்டு ஸ்டோர் அறையில் கிடக்கும் இயந்திரத்துக்கு இது கூடுதலாகவே பொருந்தும். சூதாட்டத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜப்பான் ஒரு விடையைக் கண்டது. அம்பாங்கைப் பெற்ற இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு அதற்கு நேர் எதிரான விடையைக் கண்டது.

பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சிங்கோ என்பது சுவரோடு நிற்கும் செங்குத்தான பலகை; முன்னால் கண்ணாடி. 11 மில்லிமீட்டர் குறுக்களவும் ஐந்தரை கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டை வில்விசையால் மேலே தெறிக்க விட்டால், அது பலகையில் அடித்திருக்கும் நூற்றுக்கணக்கான பித்தளை ஆணிகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். ஏதாவது ஒரு வாயில் விழுந்தால் மணி அடித்துப் பத்தோ பதினைந்தோ குண்டுகள் தட்டில் கொட்டும். விழாவிட்டால் குண்டு போனது போனதுதான். மேல்நாட்டிலிருந்து சிறுவர் விளையாட்டாக 1920களில் ஜப்பானுக்கு வந்த சாய்பலகை ஆட்டம்தான் நிமிர்ந்து நின்று இப்படி ஆனது. போர்க்காலத்தில் பச்சிங்கோ ஆட்டக் கூடங்கள் மூடப்பட்டன. போர் முடிந்து எல்லாம் சாம்பலாகக் கிடந்த நாகோயா நகரில், 1948 வாக்கில், மசாமுரா தகேயிச்சி என்பவர் வரிசை வரிசையாக நின்ற ஆணிகளைக் கலைத்துக் கூட்டம் கூட்டமாகவும் இடைவெளி விட்டும் அடித்து, நடுவே காற்றாடிகளைப் பொருத்தினார். குண்டு நேராக விழாமல் தயங்கவும் திரும்பவும் தொடங்கியது. அவர் காப்புரிமை வாங்காததால் நாடு முழுவதும் அந்த அமைப்பை நகல் எடுத்தது. இன்றுவரை எந்தப் பச்சிங்கோ பலகையைப் பார்த்தாலும் அடிப்படையில் அது அவருடைய பலகைதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் குண்டுகள் தாமாகவே அடுத்தடுத்து ஏறிக்கொள்ளும் தொடர்வீச்சு இயந்திரங்கள் வந்தன. நிமிடத்தில் நூறு குண்டுகளுக்கு மேல் அடிக்கலாம். வேகம் கூடியதும் பணம் போகும் வேகமும் கூடியது. 1954 நவம்பரில் தோக்கியோவின் பொதுப் பாதுகாப்பு ஆணையம் இந்த வகையைத் தடை செய்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 40,000க்கு மேல் இருந்த கூடங்கள் சில ஆண்டுகளுக்குள் பத்தாயிரத்தின் பக்கத்தில் வந்து நின்றன. அந்தத் தடையின் தடம் இயந்திரத்தின் முகத்திலேயே இருக்கிறது. ஆடுகிறவர் ஒரு கையால் குண்டை ஒவ்வொன்றாகத் துளைக்குள் தள்ளி, மறு கையால் நெம்புகோலை இழுத்துவிட வேண்டிய அமைப்பு இருந்தால், அது பெரும்பாலும் தடைக்காலத்துச் சாமான். 1969இல் நிமிடத்துக்கு நூறு குண்டு என்ற வரம்போடு தொடர்வீச்சு மீண்டும் அனுமதி பெற்றது. மேல்தட்டில் குண்டுகளைக் கொட்டி வைத்தால் அவை தாமே இறங்கி வரும் இயந்திரங்கள் அதற்குப் பிந்தியவை. 1970களில் கூடங்கள் புது மாடலுக்கு மாறியபோது கழித்துக்கட்டப்பட்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக வீட்டு விளையாட்டுப் பொருளாகப் போனவற்றில் கணிசமானவை இந்த வகைதான். இழுத்துவிடும் நெம்புகோலுக்குப் பதிலாகத் திருகிப் பிடித்தாலே மின்விசை அடித்துக்கொண்டிருக்கும் உருண்டைப் பிடி வந்தது 1970களில். 1980இல் சான்கியோ கம்பெனியின் 'ஃபீவர்' வந்து, நடுவில் எண்கள் சுழலத் தொடங்கின. ஆணியும் புவியீர்ப்பும் மட்டுமே முடிவு செய்த காலம் அத்தோடு போயிற்று. சேகரிப்பவர்கள் பழமை என்று மதிப்பது அதற்கு முந்தியதைத்தான்.

எல்லாவற்றையும் சட்டத்தின் கணக்கில் எழுதுவது மிகை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. மசாமுராவின் ஆணியமைப்பை எந்தப் போலீஸ்காரரும் கேட்கவில்லை. அது ஒரு கைவினைஞரின் கற்பனை. குண்டு விழுந்ததும் இதழ் விரித்து அடுத்த குண்டுக்கு வழி அகலப்படுத்தும் 'தூலிப்' என்ற பொறி 1960இல் வந்தது. அதுவும் வியாபாரப் போட்டியில் பிறந்தது என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் போட்டி எந்த எல்லைக்குள் நடந்தது? வேகத்தைக் கூட்ட முடியாது என்று 1954 சொல்லிவிட்ட பிறகுதான் தயாரிப்பாளர்கள் பலகையின் நடுவில் புதுப்புதுப் பொறிகளை வைத்துப் பரபரப்பை உண்டாக்கப் பார்த்தார்கள். ஒரே குண்டு, மெதுவாக விழும் குண்டு, அதற்குள்ளேயே ஆளைக் கட்டிப்போட வேண்டும். தூலிப் இதழ் அந்த நெருக்கடியின் பிள்ளை. கற்பனை கைவினைஞருடையதுதான், அது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டியது தடை.

சட்டத்தின் பெரிய தடம் இயந்திரத்துக்கு வெளியே, கூடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. ஜப்பானில் பணம் வைத்து ஆடுவது குற்றவியல் சட்டப்படி குற்றம். ஆகவே கூடம் குண்டுக்குப் பணம் தர முடியாது, பொருள்தான் தரலாம். சோப்பு, சிகரெட், மிட்டாய். அந்தப் பொருளை வெளியே வாங்கிக்கொண்டு காசு தரும் தொழிலில் அடியாள் கும்பல்கள் புகுந்தன. 1961இல் ஒசாக்காவில் அதற்கு ஒரு மாற்று பிறந்தது: கூடம் பரிசைத் தரும், தனியான ஒரு கடை அதைக் காசுக்கு வாங்கும், மூன்றாவதாக ஒரு மொத்த வியாபாரி அதை மறுபடி கூடத்துக்கு விற்பார். கும்பல்களை விலக்கிவிட்டு, கணவனைப் போரில் இழந்த பெண்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் அந்தக் கடைகளில் வேலை கொடுப்பது நோக்கம். சட்டத்தை மீறாமல் மீறும் இந்த ஏற்பாடுதான் இன்றும் நடக்கிறது. கூடங்களை நடத்தியவர்களில் கொரிய வம்சாவளியினர் பெரும் பங்கினர் என்பதும் இந்தக் கதையைச் சேர்ந்தது. 1952இல் அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். கௌரவமான வேலைகளின் கதவுகள் மூடின. மற்றவர்கள் முகம் சுளித்த தொழிலில் இறங்கினார்கள். கொரியர்கள் கூடி வாழும் அம்பாங்கில் இதைச் சொல்வது பொருத்தம்தான். ஆனால் இங்கே இதைச் சட்டென்று புரிந்துகொள்ள வேண்டியவர்கள் மலேசியத் தமிழர்களாகிய நாம். குடியுரிமைத் தாள் கையில் இல்லாததால் 1960களின் கடைசியில் வேலை அனுமதிக்கு அலைந்து, கிடைக்காமல் கப்பலேறிய தோட்டத் தமிழர்களின் உறவுகளுக்கு, ஒரு தாள் மனிதனை எந்தத் தொழிலில் கொண்டுபோய் விடும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானின் விடை இது: இயந்திரத்தை ஊரெங்கும் பரப்பிவிடு, பணத்தை மட்டும் சந்துக்குள் மறைத்து வை. நம் பக்கத்து விடையைப் பார்க்க அம்பாங்கின் பிறப்புக்கே போக வேண்டும். 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றுவழியாகக் கோம்பாக் ஆறு கூடுமிடத்துக்கு வந்து, அங்கிருந்து காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் மடிந்தார்கள். 1859இல் முதல் ஈயம் வெளியே போனது. ஆறு கூடும் இடத்தில் கடைகள் எழும்பி கோலாலம்பூர் ஆனது. ஆனால் ஈயத்தின் விலை ஏறும், இறங்கும். லம்பத்து (ஈயச் சுரங்க) முதலாளிகளைத் தாங்கிப் பிடித்தது கூலியாட்களுக்கே திருப்பி விற்ற அபின், சாராயம், சூதாட்டம். ஊரின் சீனத் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோயின் சந்தையும் சூதாட்டக் கொட்டகையும் இன்றைய மேடான் பாசாரில் பக்கம் பக்கமாக இருந்தன. பிரிட்டிஷார் வந்து அதை ஒழிக்கவில்லை, குத்தகைக்கு விட்டார்கள். சிங்கப்பூரில் 1829இலேயே சூதாட்டக் குத்தகையை நிறுத்திவிட்ட அதே பிரிட்டிஷார், மலாய் மாநிலங்களில் 1910களின் தொடக்கம்வரை அந்த வருமானத்தை விடவில்லை. செல்வந்தர் லோக் இயூவின் சொத்தில் ஈயத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் குத்தகைகளும் இருந்தன. 1896இல் ஜாலான் அம்பாங்கில் சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1990களின் தொடக்கத்தில் பந்தயம் சுங்கை பெசிக்குப் போக, அந்த நிலத்தில் இரட்டைக் கோபுரம் எழுந்தது. இடையில் ஜப்பானிய ஆட்சி வந்தது. தன் ஊரில் பச்சிங்கோ கூடங்களை மூடிய அதே அரசு, அதே ஆண்டுகளில், மலாயாவின் கேளிக்கைப் பூங்காக்களில் வருமானத்துக்காகச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்தது. ஒரே கொடியின் கீழ் இரண்டு நீதி. சூதாட்டச் சட்டங்களைப் படிக்கிறவருக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை: ஆட்டத்தின் குணத்தைவிட, அதில் ஆடி இழக்கப் போவது யாருடைய குடிமகன் என்பதே அந்த அரசின் முடிவைத் தீர்மானித்தது.

சுதந்திர மலேசியா தன் விடையை 1969இல் திரட்டி எழுதியது என்று சொல்லலாம். நான்கு எண் குலுக்கலுக்கு மேக்னம் கம்பெனி உரிமம் பெற்றது அந்த ஆண்டு. ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்ற குலுக்கல் நிறுவனம் அமைக்கப்பட்டதும் அந்த ஆண்டு. தொழிலதிபர் லிம் கோ தோங்கின் கெந்திங் மலைக்குச் சூதாட்ட விடுதி ஒப்புதல் கிடைத்ததும் அந்த ஆண்டுதான். 1971இல் அந்த விடுதி திறந்தது. முஸ்லிம்களுக்கு அங்கே நுழைவு இல்லை. ஜப்பானில் தொடர்வீச்சுப் பச்சிங்கோ திரும்பி வந்ததும் இதே 1969 என்பது தற்செயல்தான், ஆனாலும் ஒப்பிடத் தூண்டும் தற்செயல். அங்கே இயந்திரம் ஒவ்வொரு ரயில் நிலையத்துக்கு எதிரிலும் இறங்கியது. இங்கே அது ஒரே மலைக்கு மேல் ஏற்றப்பட்டது. சமவெளியில் சூதாட்டம் காகிதமாக மாறியது: கடையில் நம்பர் எடுப்பது, மாலையில் முடிவு பார்ப்பது. சில தனியார் கிளப்புகளின் ஜேக்பாட் மெஷின்களைத் தவிர, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அம்பாங்கிலோ கடைமாடியில் நின்ற இயந்திரம் குற்றப் பொருளாயிற்று. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் இதில் கடுமையானது. சூதாட்ட இயந்திர வழக்குகளில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. பறிமுதலானவற்றைப் போலீசார் கனரக எந்திரத்தால் நசுக்கும் படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்துப் பழகிவிட்டோம். விளைவு, இந்த நகரத்தை உருவாக்கிய தொழில்களில் ஒன்றுக்குக் கையால் தொட்டுப் பார்க்கும்படியான சாட்சி மிகக் குறைவு. ஈயத்துக்கு இருக்கிறது, ரப்பருக்கு இருக்கிறது, ரயிலுக்கு இருக்கிறது.

ஒரு பழைய பச்சிங்கோவைப் பழுது பார்ப்பவர் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்பது இங்கிருந்து பிறக்கும் கேள்வி. முதல் விதியாக நான் சொல்வது: ஆணியை நிமிர்த்தாதீர்கள். கூடங்களில் இரவு ஆட்டம் முடிந்த பிறகு ஆணிக்காரர் என்று ஒருவர் சின்னச் சுத்தியலோடு வருவார். வாய்க்கு மேலிருக்கும் இரண்டு ஆணிகளை மயிரிழை அகட்டினால் நாளை நிறையக் குண்டு விழும், நெருக்கினால் விழாது. எந்த வரிசை தாராளமாகக் கொடுக்க வேண்டும், எது பிடித்துவைக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தட்டுவார். அனுமதி பெற்ற இயந்திரத்தின் ஆணியை இப்படி மாற்றுவது விதிக்குப் புறம்பு என்றாலும் தொழில் முழுவதும் அதன் மேல்தான் நின்றது. ஆகவே இப்போது வளைந்து நிற்கும் ஆணி கோளாறு இல்லை. அந்தக் கூடம் கடைசியாக எந்தக் கணக்கில் நடந்தது என்பதன் பதிவு. அழகுக்காக எல்லா ஆணிகளையும் ஒரே கோணத்தில் நிறுத்துகிறவர் அந்தப் பதிவை அழிக்கிறார். பின்பலகையில் ஒட்டியிருக்கும் தாள்களும் அப்படித்தான்: தயாரிப்பாளரின் சீட்டு, சங்கத்தின் சான்று முத்திரை, கூடத்தில் அந்த இயந்திரம் நின்ற எண், பென்சிலில் கிறுக்கிய குறிப்பு. சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியால் துடைத்தால் போயே போய்விடும். எதையும் தொடுவதற்கு முன் முன்னும் பின்னும் ஒவ்வோர் அங்குலமாகப் படம் எடுத்து வைப்பது நல்லது.

அம்பாங்கின் ஈரக்காற்று இந்த வேலையைக் கடினமாக்குகிறது. எஃகுக் குண்டுகள் வெளியே கிடந்தால் விரைவில் துரு பூக்கும்; துருப்பிடித்த குண்டு பலகையின் மேற்பூச்சைக் கீறிக்கொண்டே விழும். பலகை ஒட்டுப்பலகை; கரையானுக்கு விருந்து. சுவரில் சாத்தாமல், தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமான அறையில் வைக்க வேண்டும். பித்தளையைப் பளபளக்க வைக்கும் பூச்சுகள் ஆணியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையும் பொறுமையும் போதும். பின்பக்கத்து நெம்புகளுக்கு எண்ணெய் விடும் ஆசை எல்லோருக்கும் வரும். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகி, எடைபார்த்து அசைய வேண்டிய தகடுகளை நிறுத்திவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். நெம்புகோல் வகை இயந்திரம் ஆடுவதற்கு மின்சாரமே வேண்டாம். வில்லும் எடையும் போதும். விளக்குகளுக்குத் தேவை குறைந்த அழுத்தம்தான். நம் வீட்டு 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் விளக்கும் போகும், வயரும் கருகும்.

ஆடாத இயந்திரம் பிணம், ஆணியைத் தொடாமல், உறுப்பை மாற்றாமல் எதைப் பழுது பார்ப்பது என்று சேகரிப்பவர்கள் கேட்பார்கள். நான் கேட்பது ஆட வைக்காதே என்றல்ல. வில், விளக்கு, கண்ணாடி, குண்டு இவையெல்லாம் கூடத்திலேயே அவ்வப்போது மாற்றியவை. பின்னால் நின்று குண்டு நிரப்பிய ஊழியர்கள் செய்த வேலையை இன்று நாம் தொடர்வதில் தவறில்லை. மாற்றியதைத் தாளில் எழுதி, கழற்றிய பழைய உறுப்பை ஒரு பையில் போட்டு இயந்திரத்தோடு வைத்தால் போதும். ஆணி, பலகை, சீட்டு இந்த மூன்று மட்டும் வேறு இனம். அவற்றை மாற்றினால் இயந்திரம் ஆடும். ஆனால் எந்தக் கூடத்தின், எந்தக் காலத்தின் இயந்திரம் என்று அதனிடம் கேட்க முடியாமல் போகும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன, சம்பள நாளில் வீட்டுக்கு வராத தந்தையர் நம் சமூகத்தில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை எதற்குத் துடைத்து வைக்க வேண்டும்? இந்த வலியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் 1941இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கூலி உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கை. தங்கள் கூலி எந்த வழியாகத் தங்களிடமிருந்தே திரும்பிப் போகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த எதிர்ப்பை இன்றைய பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால், எதை எதிர்த்தார்கள் என்பதையும் காட்ட வேண்டியிருக்கிறது. வளைந்த ஆணி ஒன்றைக் காட்டி, நீ கெட்டிக்காரத்தனமாக ஆடுகிறாய் என்று நினைத்தபோது முந்தின இரவே ஒருவர் உன் தோல்வியைத் தட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று விளக்கினால், நீண்ட அறிவுரை செய்ய முடியாததை அந்த ஓர் ஆணி செய்யும்.

சட்டச் சிக்கலை உரிமையாளர் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நம் சட்டம் பார்ப்பது அதிர்ஷ்டத்தால் பணமோ பணமதிப்புள்ள எதுவோ கைமாறுகிறதா என்பதை. ஆனாலும் வீட்டில் வைத்திருக்கும் பழம்பொருளுக்கும் கடைமாடி மெஷினுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளோடு நிறுவ வேண்டிய நிலை வரலாம். வாங்குவதற்கும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் முன்பே ஒரு வழக்கறிஞரைக் கேட்பது அறிவு. அரசாங்கத்திடமும் ஒரு கோரிக்கை வைக்கலாம். பறிமுதல் செய்த இயந்திரங்களை நசுக்க ஆணை வாங்கும்போது, வகைக்கு ஒன்றை மட்டும் மின்சுற்றைக் கழற்றிவிட்டு, எந்த ஊரில் எந்த ஆண்டு பிடிபட்டது என்ற சீட்டோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய செலவில்லை. ஓர் அறையும், சீட்டு எழுதத் தெரிந்த ஒருவரும் போதும்.